வளைந்த முதுகு, சுழலும் கால்: சாலைச் சைக்கிளில் அமரும் முறையின் வரலாறு

சைக்கிள் ஓட்டுபவரின் உடல் வண்டியை மூன்று இடங்களில்தான் தொடுகிறது: இருக்கையில் இடுப்பு, ஹேண்டில்பாரில் கை, பெடலில் பாதம். இந்த மூன்றுக்கும் இடையிலுள்ள தூரமும் கோணமும்தான் அமரும் விதத்தைத் தீர்மானிக்கின்றன. கால் எவ்வளவு வலுவாக, எவ்வளவு நேரம் சுழல முடியும் என்பதும் அதைப் பொறுத்தே அமைகிறது. இருநூறு ஆண்டுகளில் இந்த மூன்றும் ஒரே சீராக மாறவில்லை. இருக்கைக்கும் பெடலுக்கும் உள்ள உறவு 1890-களிலேயே ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. கையும் முதுகும் மட்டும் காற்றுக்குப் பணிந்து இறங்கிக்கொண்டே வந்தன. அவை எதுவரை இறங்கலாம் என்பதைப் பல நேரங்களில் உடல் முடிவு செய்யவில்லை. பந்தய விதிகளே முடிவு செய்தன.

தரையிலிருந்து பெடலுக்கு

1817 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக்காட்டிய இருசக்கர மரவண்டியில் பெடல் கிடையாது. ஓட்டுபவர் இரு சக்கரங்களுக்கு நடுவே தாழ்வாக அமர்ந்து, பாதங்களால் தரையை மாறி மாறி உந்தினார். முழங்கால் லேசாக மடிந்தபடி பாதம் தரையில் பதியும் உயரத்தில் இருக்கை இருந்தது. முன்கையை ஊன்றிக்கொள்ள மெத்தை வைத்த பலகை ஒன்றும் இருந்ததால் உடல் சற்றே முன்சாய்ந்தது. உடலின் எடையை வண்டி சுமந்தது. நடையின் வேலையைக் கால் செய்தது.

1860-களில் பாரிஸின் மிஷோ பட்டறையிலிருந்து வெளிவந்த வண்டிகளில் முன்சக்கரத்தின் அச்சிலேயே பெடல் பொருத்தப்பட்டது. பியேர் லால்மான் இத்தகைய வண்டிக்கு 1866-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இருக்கை பின்னால் இருக்க, பெடல் முன்னால் இருந்ததால், காலைக் கீழே அழுத்துவதைவிட முன்னோக்கி நீட்டித் தள்ளவே வேண்டியிருந்தது. ஒவ்வொரு மிதியும் முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் திருப்பப் பார்க்கும். கைகள் அதை எதிர்த்து ஹேண்டில்பாரை இழுத்துப் பிடிக்க வேண்டும். காலின் உழைப்பில் ஒரு பங்கைக் கையே விழுங்கியது. 1869 நவம்பர் 7 அன்று நடந்த பாரிஸ்–ருவான் பந்தயத்தில் வென்ற ஜேம்ஸ் மூர் 123 கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 10 மணி 40 நிமிடம் எடுத்துக்கொண்டார். அதாவது மணிக்கு 12 கிலோமீட்டருக்கும் குறைவான வேகம்.

பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுதான் சுற்றும் என்பதால், வேகம் வேண்டுமானால் சக்கரம் பெரிதாக வேண்டும். 1870-களில் முன்சக்கரம் வளர்ந்துகொண்டே போனது. அதற்கு எல்லை வகுத்தது ஓட்டுபவரின் கால் நீளம். 50 முதல் 60 அங்குல விட்டமுள்ள சக்கரங்களைக் காலளவு பார்த்தே வாங்கினார்கள். இந்த உயரச் சக்கர வண்டியில் ஓட்டுபவர் கிட்டத்தட்ட அச்சுக்கு நேர் மேலே அமர்ந்து, எடையை நேராகக் கீழே இறக்கி மிதித்தார். காலுக்கு இது நல்ல நிலை. முதுகுக்கோ வேறு வழியே இல்லை. சற்றுக் கூடுதலாக முன்சாய்ந்தாலும், சக்கரம் ஒரு கல்லில் முட்டினாலும், தலைகுப்புற விழ நேரிடும். ஆகவே நிமிர்ந்த உடலே பாதுகாப்பு. பல்சக்கர விகிதத்தை ‘இத்தனை அங்குலம்’ என்று சொல்லும் வழக்கம், அந்தச் சக்கர விட்டத்தின் மிச்சமாக ஆங்கிலம் பேசும் நாடுகளில் இன்றும் இருக்கிறது.

செயின் கொடுத்த விடுதலை

1885-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் ‘சேஃப்டி’ சைக்கிள், காலையும் சக்கரத்தையும் பிரித்து வைத்தது. பெடல் நடுவில், செயின் வழியாகப் பின்சக்கரத்துக்கு இழுவிசை. வேகத்தைப் பல்சக்கரம் கவனித்துக்கொண்டதால் சக்கரத்தின் அளவு காலளவைச் சார்ந்திருக்கத் தேவையில்லை. இருக்கையின் உயரம் தனியாகத் தீர்மானிக்கக்கூடிய ஒன்றாக மாறியது. 1890-களின் நடுப்பகுதிக்குள் வைர வடிவ ஃப்ரேம் நிலைபெற்றது. இருக்கைக்குச் சற்று முன்னால், கீழே பெடல் அச்சு. மிதி கீழிறங்கும்போது முழங்கால் ஏறக்குறைய நீண்டும் சற்றே மடிந்தும் இருக்கும் உயரம். இன்றைய சாலைச் சைக்கிளிலும் இடுப்பும் பாதமும் இதே அமைப்பில்தான் இருக்கின்றன.

1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் உருவாக்கிய காற்றடைத்த டயர் மற்றொரு தடையை நீக்கியது. கெட்டி ரப்பர் டயரில் சாலையின் அதிர்ச்சி முழுவதும் கைக்கு ஏறும். காற்று டயர் அதை உள்வாங்கியது. எடையின் ஒரு பகுதியைக் கையில் இறக்கி முன்சாய முடிந்தது. வேகமும் கூடியது. வேகம் இரட்டித்தால் காற்றுத்தடை நான்கு மடங்காகும்; அதை வெல்லத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டினால் உழைப்பின் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதற்கே போகிறது. இந்தக் கணக்கு தெரியாதவர்களும் எதிர்க்காற்றில் குனிந்தால் எளிதாகிறது என்பதை உணர்ந்தார்கள். கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார் பந்தய வண்டிகளில் பரவியது.

குனிந்து பறக்கும் இளைஞர்கள் 1890-களின் பத்திரிகைகளுக்கு எரிச்சலூட்டினார்கள். முதுகு நிரந்தரமாகக் கூனிவிடும் என்று மருத்துவர்கள் சிலர் எச்சரித்தார்கள். இந்தக் கற்பனைக் கூனுக்கு லத்தீனில் ஒரு நோய்ப்பெயர்கூட வைக்கப்பட்டது. அந்த அச்சம் மெய்யாகவில்லை. ஆனால் அமரும் முறை இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. பந்தய வண்டியில் கை இருக்கைக்குக் கீழே இறங்கியது. அன்றாட ‘ரோட்ஸ்டர்’ வண்டியில் கை இருக்கைக்கு மேலே நின்றது. நிமிர்ந்த உடலின் எடை முழுவதையும் ஸ்பிரிங் வைத்த இருக்கை தாங்கியது.

பிரிட்டிஷ் ரோட்ஸ்டரின் வடிவமே இந்தியாவின் கறுப்புச் சைக்கிளானது. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளை உற்பத்தி செய்தது. பெரியவர்களின் காலுக்கு அளவெடுத்த அந்த உயர ஃப்ரேமில் இருக்கையை எட்ட முடியாத சிறுவர்கள், பாரின் கீழுள்ள முக்கோண இடைவெளிக்குள் ஒரு காலை நுழைத்து, உடலை ஒருக்களித்துக் ‘குரங்குப் பெடல்’ அடித்துப் பழகினார்கள். இருக்கைக்கும் பெடலுக்கும் உள்ள தூரம் காலுக்குப் பொருந்தாவிட்டால் இருக்கையையே கைவிட வேண்டியிருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டு ஊர்கள் பல தலைமுறைகளாகக் கண்ட சான்று இது.

கணுக்கால் பாடம்

பெடலைத் தாங்கிச் சுழலும் கிராங்க் மேல் உச்சியிலும் கீழ் உச்சியிலும் நிற்கும்போது, நேராகக் கீழே அழுத்தும் விசையால் சக்கரம் நகராது. இந்த இரண்டு ‘செத்த புள்ளிகளை’ வெல்ல 1880-களிலிருந்தே ஓர் உத்தி கற்பிக்கப்பட்டது. மேலே வரும்போது குதிகாலை இறக்கிப் பெடலை முன்னே தள்ள வேண்டும். கீழே வரும்போது விரல்நுனியை இறக்கிப் பின்னே இழுக்க வேண்டும். கணுக்காலை இப்படி ஆட்டுவதே தேர்ந்த ஓட்டுநரின் அடையாளம் என்று அக்காலக் கையேடுகள் வலியுறுத்தின.

அதே காலத்தில் அளவீடும் தொடங்கியது. அமெரிக்கரான ராபர்ட் பி. ஸ்காட் 1889-இல் வெளியிட்ட நூலில், பெடல் மீது பாதம் செலுத்தும் விசையைக் காகிதத்தில் வரையும் கருவியை விவரித்தார். 1896-இல் ஆர்ச்சிபால்ட் ஷார்ப் எழுதிய பெருநூல் சைக்கிளின் இயங்கியலை முழுமையாக ஆராய்ந்தது. கணுக்கால் பாடம் இவற்றுக்குப் பின்னரும் பல பத்தாண்டுகள் நீடித்தது. அதற்கு வலுவான மறுப்பு பந்தயத்திலிருந்தே வந்தது. 1957-இலும், 1961 முதல் 1964 வரையும் டூர் டி பிரான்ஸை வென்ற ஜாக் ஆங்கெத்தில், குதிகாலை உயர்த்தி விரல்நுனி கீழ்நோக்கிய நிலையிலேயே மிதித்தார். கணுக்கால் அசைவு ஆளுக்கு ஆள் மாறுவது. அதற்கு ஒரே இலக்கணம் இல்லை.

ஒரே கியரும் மலையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் வரை பெரும்பாலான வண்டிகளில் பின்பல்சக்கரம் சக்கரத்தோடு இறுகியிருந்தது. சக்கரம் ஓடும்வரை பெடலும் சுழலும். இறக்கத்தில் கால் தாளாத வேகத்தில் பெடல் சுற்றும்போது, பாதத்தை எடுத்து முன் ஃபோர்க்கில் பொருத்திய தாங்கிகள் மேல் வைத்துக்கொள்வார்கள். 1900 வாக்கில் ஃப்ரீவீல் பரவிய பிறகே ஓடும் வண்டியில் காலை நிறுத்தி வைக்க முடிந்தது.

மலை ஏறுவது வேறு சிக்கல். பிரான்ஸின் செந்த் எத்தியென் நகரில் ‘வெலோசியோ’ என்ற பெயரில் எழுதிய பால் தெ விவி, பல கியர்களும் சீரான சுழற்சியும் வேண்டும் என்று தம் இதழில் வாதாடினார். 1903-இல் டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி தெகிராஞ்ச் அதை ஏற்கவில்லை. ஓடும்போதே கியர் மாற்றும் ‘டிரெய்லர்’ பொறி அவருடைய பந்தயத்தில் 1937 வரை அனுமதிக்கப்படவில்லை. வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கமுள்ள பெரிய பல்சக்கரத்தில் செயினைப் போட்டார்கள். அந்தக் கியரும் கனமானதுதான். இருக்கையிலிருந்து எழுந்து, உடல் எடையை ஒவ்வொரு மிதியிலும் இறக்கி, வண்டியை இடமும் வலமும் சாய்த்து ஏறும் நிற்பு முறை இத்தகைய கட்டாயத்தில் வளர்ந்தது. தடை நீங்கி, 1950-களில் நம்பகமான டிரெய்லர்கள் பரவிய பிறகு, ஏற்றத்திலும் அமர்ந்தபடி ஒரே சுற்றுவேகத்தில் மிதிப்பது சாத்தியமாயிற்று. எழுந்து மிதிப்பது திடீர் வேகத்துக்கும் செங்குத்தான சரிவுக்கும் உரியதாகச் சுருங்கியது.

படுத்து ஓட்டியவரும் முதல் தடையும்

1933 ஜூலை 7 அன்று பாரிஸில், முன்னணி வீரராகக் கருதப்படாத பிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓடினார். 1914-இல் ஆஸ்கர் எக் நிறுவிய 44.247 கிலோமீட்டர் சாதனை வீழ்ந்தது. ஃபோர் ஓட்டியது சார்ல் மோஷே வடிவமைத்த வண்டி. அதில் ஓட்டுபவர் மல்லாந்து சாய்ந்து, கால்களை முன்னே நீட்டி மிதிப்பார். காற்றை எதிர்கொள்ளும் உடற்பரப்பு வெகுவாகக் குறைந்ததே வேகத்துக்குக் காரணம்.

சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. 1934-இல் இதற்குப் பதில் சொன்னது. பந்தய சைக்கிளில் இருக்கையும் கிராங்கும் எங்கே இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. படுத்து ஓட்டும் வண்டி அந்த வரையறைக்கு வெளியே போயிற்று. அமரும் முறை ஒன்றை விதியால் விலக்கிய இந்த முடிவே பின்னர் வந்த தடைகளுக்கு முன்மாதிரி.

இருக்கையின் உயரம்: மூன்று கணக்குகள்

நீண்ட காலம் இருக்கையின் உயரம் அனுபவத்தாலேயே முடிவானது. குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும் என்பது பழைய வழி. 1967-இல் இங்கிலாந்தில் ஹாம்லி, தாமஸ் இருவரும் ஆய்வுக்கூடத்தில் சோதித்து, குறுகிய நேரக் கடும் உழைப்புக்கு ஏற்ற உயரத்தைச் சொன்னார்கள். தரையிலிருந்து கவடு வரையிலான கால் அளவில் 109 சதவீதம். இருக்கையின் மேற்பரப்பிலிருந்து கீழே நிற்கும் பெடலின் அச்சு வரை அளந்த தூரம் இது. 1977-இல் நார்டீன்-ஸ்னைடர் ஆக்சிஜன் செலவை அளந்து, சிக்கனமான உயரம் சுமார் 107 சதவீதம் என்று கண்டார். பெர்னார் இனோ, லோரான் ஃபின்யோன், கிரெக் லெமோண்ட் ஆகியோரைப் பயிற்றுவித்த சிரில் கிமார், கால் அளவை 0.883-ஆல் பெருக்கி, கிராங்க் அச்சின் மையத்திலிருந்து இருக்கை வரை அளந்தார். இந்த எண் லெமோண்டின் 1987-ஆம் ஆண்டு நூலால் உலகெங்கும் பரவியது.

மூன்றும் வெவ்வேறு வழிகளில் வந்தவை. ஆயினும் சேரும் இடம் ஒன்றே. கால் அளவு 85 செ.மீ., கிராங்க் 17 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பெடலின் அச்சு வரை ஹாம்லி கணக்கில் 92.6 செ.மீ., நார்டீன்-ஸ்னைடர் கணக்கில் 91 செ.மீ., கிமார் கணக்கில் 92 செ.மீ. வருகிறது. வேறுபாடு இரண்டு செ.மீ.கூட இல்லை. 1990-களில் விளையாட்டு மருத்துவர்கள் முழங்காலின் மடிப்பையே நேரடியாக அளக்கத் தொடங்கினார்கள். பெடல் அடியில் நிற்கும்போது 25 முதல் 35 பாகை வரை மடிப்பு இருக்கலாம் என்பது அவர்கள் வகுத்த வரம்பு. இருக்கை தாழ்ந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும். உயர்ந்தால் இடுப்பு ஆடும், முழங்காலின் பின்புறம் இழுக்கும்.

இருக்கை முன்னா பின்னா என்ற கேள்வியில் இத்தகைய ஒற்றுமை ஏற்படவில்லை. 1972-இல் இத்தாலிய ஒலிம்பிக் குழு வெளியிட்ட பயிற்சி நூல் போன்ற கையேடுகள், கிராங்க் கிடைமட்டமாக நிற்கும்போது முழங்காலிலிருந்து விடும் தூக்குக்குண்டு பெடலின் அச்சுக்கு நேராக விழ வேண்டும் என்ற விதியைப் பரப்பின. இதற்கு இயந்திரவியல் காரணம் ஏதுமில்லை என்று வடிவமைப்பாளர் கீத் பான்ட்ரேகர் பின்னர் எழுதினார். கையில் அதிக எடை ஏறாமல் உடல் சமநிலையில் நிற்பதே முக்கியம் என்பது அவர் வாதம். இன்று தூக்குக்குண்டு தொடக்கப் புள்ளியாக மட்டுமே கருதப்படுகிறது.

எத்தனை சுற்று, எவ்வளவு அழுத்தம்

1929-இல் பிரிட்டனில் டிக்கின்சன் செய்த ஆய்வில், நிமிடத்துக்குச் சுமார் 33 சுற்றில் தசை மிகச் சிக்கனமாக இயங்குவது தெரிந்தது. பந்தய வீரர்களோ 90-க்கு மேல் சுழற்றினார்கள். எடி மெர்க்ஸ் 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரில் 49.431 கிலோமீட்டர் ஓடி ஒரு மணி நேரச் சாதனை படைத்தபோது, முன்னே 52, பின்னே 14 பற்கள் கொண்ட கியரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 105 முறை மிதித்தார்.

இந்த முரணை 1985-இல் கோஸ்ட், வெல்ச் இருவரின் ஆய்வு பெரிதும் விளக்கியது. சிக்கனமான சுற்றுவேகம் நிலையான ஓர் எண் அல்ல. சக்தி கூடக்கூட அதுவும் கூடுகிறது. 100 வாட்டில் 50 சுற்று அளவிலிருந்த உகந்த வேகம், 300 வாட்டில் 80-ஐ நெருங்கியது. அதே சக்தியை வேகமாகச் சுழற்றி எடுத்தால் ஒவ்வொரு மிதியிலும் அழுத்தம் குறைகிறது. விரைவில் களைக்கும் தசைநார்கள் மிச்சப்படுகின்றன. கொஞ்சம் கூடுதல் ஆக்சிஜனைச் செலவிட்டுப் பல மணி நேரத்துக்குக் காலைக் காப்பாற்றிக்கொள்வதே பந்தய வீரரின் வழி.

பாதத்தைப் பெடலோடு பிணைக்கும் முயற்சியும் நீண்டது. விரல்கூடும் தோல்வாரும் பல பத்தாண்டுகள் ஆண்டன. பனிச்சறுக்குக் காலணிப் பூட்டுகளைச் செய்துவந்த பிரான்ஸின் லுக் நிறுவனம் 1984-இல் பூட்டுப் பெடலைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு இனோ அதைக் கொண்டே டூரை வென்றார். கால் பூட்டப்பட்டதும், ஏறும் பெடலை மேலே இழுத்தால் சக்தி கூடும் என்ற நம்பிக்கை வலுத்தது. அளவீடுகள் அதை ஆதரிக்கவில்லை. 1991-இல் எட்வர்ட் காய்ல் குழுவினர், சிறந்த வீரர்கள் மற்றவர்களைவிடக் கீழ்மிதியில்தான் கூடுதலாக அழுத்துகிறார்கள் என்று காட்டினர். 2007-இல் கோர்ஃப் குழுவினர் நான்கு வித மிதிகளை ஒப்பிட்டபோது, வேண்டுமென்றே மேலே இழுத்தவர்களின் விசை நல்ல திசையில் இருந்தாலும் ஆற்றல் சிக்கனம் குறைந்தது. ஏறும் கால் தன் எடையால் பெடலை அழுத்தாமல் இருந்தாலே போதுமானது. செத்த புள்ளியை வெல்ல வந்த நீள்வட்டப் பல்சக்கரங்களும், 1980-களின் ஷிமானோ பயோபேஸ் உட்பட, பொதுவழக்காக நிலைக்கவில்லை.

காற்றும் விதிகளும்

1970-களில் லாங் பீச்சிலுள்ள கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் செஸ்டர் கைல், காற்றுத்தடையின் பெரும்பங்கு வண்டியால் அல்ல, ஓட்டுபவரின் உடலால் ஏற்படுகிறது என்பதை எண்களால் காட்டியவர்களில் ஒருவர். அதன் பிறகு முதுகின் ஒவ்வொரு பாகையும் காற்றுச் சுரங்கத்தில் அளக்கப்பட்டது.

1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில், வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் தனிநேர ஓட்டம். ஃபின்யோனைவிட 50 விநாடி பின்தங்கியிருந்த லெமோண்ட், முன்கைகளை நெருக்கி நீட்டி ஊன்றும் ஹேண்டில்பாரைப் பயன்படுத்தினார். பனிச்சறுக்குப் பயிற்சியாளர் பூன் லெனன் உருவாக்கிய அது, முத்தரப்புப் போட்டியான டிரையத்லானில் பரவியிருந்த கருவி. லெமோண்ட் மணிக்கு 54.545 கிலோமீட்டர் சராசரியில் ஓடி, டூரை 8 விநாடியில் வென்றார்.

ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரி 1993 ஜூலை 17 அன்று நார்வேயின் ஹாமரில், கைகளை மடித்து மார்புக்கு அடியில் ஒடுக்கி ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓடினார். யு.சி.ஐ. அந்த நிலையை 1994-இல் தடை செய்தது. அவர் அடுத்துக் கைகளை முன்னே முழுதாக நீட்டும் நிலையைக் கொண்டுவந்தார். 1996-இல் கிறிஸ் போர்ட்மேன் அதே நிலையில் மான்செஸ்டரில் 56.375 கிலோமீட்டரை எட்டினார். அந்த நிலையும் பின்னர் தடைசெய்யப்பட்டது. மெர்க்ஸின் வண்டியை ஒத்த வண்டியில்தான் ஒரு மணி நேரச் சாதனை செல்லும் என்று விதி மாறியபோது, போர்ட்மேன் 2000-இல் 49.441 கிலோமீட்டர் ஓடினார். மெர்க்ஸைவிடப் பத்து மீட்டரே அதிகம். இருபத்தெட்டு ஆண்டு முன்னேற்றத்தில் அமரும் நிலைக்கும் கருவிகளுக்கும் உரிய பங்கை இந்த எண் காட்டுகிறது. 2014-இல் விதி தளர்ந்தது. பிலிப்போ கன்னா 2022-இல் 56.792 கிலோமீட்டரைத் தொட்டார்.

சாலையிலும் இதே இழுபறி நடந்தது. 1990-இல் கியர் மாற்றும் பொறி பிரேக் லீவரோடு இணைந்தபின், லீவரின் மேல்முனையே கையின் நிரந்தர இருப்பிடமானது. முழங்கையை மடித்து முன்கையைக் கிடையாக வைத்தால், வளைந்த பிடியின் அடியைப் பற்றும் அளவுக்குக் காற்றுத்தடையைக் குறைக்க முடிந்தது. 2016 டூர் டி பிரான்ஸில் கிறிஸ் ஃப்ரூம் பைரசூர்த் மலை இறக்கத்தில் ஃப்ரேமின் மேல்குழாய் மீதே அமர்ந்து, மார்பை ஹேண்டில்பாரோடு ஒட்டி, மிதித்துக்கொண்டே அன்றைய ஓட்டத்தை வென்றார். அந்த அமர்வையும், பிடிப்பின்றி முன்கையை ஹேண்டில்பாரில் வெறுமனே ஊன்றுவதையும் 2021 ஏப்ரல் முதல் யு.சி.ஐ. தடை செய்தது.

தாழ்வின் விலை

முதுகு இறங்கும்போது இடுப்பின் கோணம் சுருங்குகிறது. பெடல் உச்சியில் தொடை வயிற்றை நெருக்குகிறது, மூச்சு தடைப்படுகிறது, புட்டத்தின் பெருந்தசை முழு வலுவோடு இயங்குவதில்லை. இதற்கு ஒரு தீர்வு, இருக்கையை முன்னே நகர்த்தி உடல் முழுவதையும் கிராங்கைச் சுற்றி முன்பக்கம் சுழற்றுவது. டிரையத்லான் வண்டிகள் அப்படித்தான் அமைகின்றன. மற்றொன்று கிராங்கைக் குறுக்குவது. 2001-இல் மார்ட்டின், ஸ்பர்டுசோ இருவரும் 120 முதல் 220 மி.மீ. வரையுள்ள கிராங்குகளைச் சோதித்தபோது, அதிகபட்ச சக்தி சுமார் 4 சதவீதமே வேறுபட்டது. சக்தி பெரிதாகக் குறையாது என்றால், முழங்கால் குறைந்த உயரத்துக்கு எழும் குறுகிய கிராங்க் இடுப்பைத் திறந்து வைக்கும். 2020-களில் பந்தயக் குழுக்களில் 165 மி.மீ. கிராங்க் பரவியதற்கு இதுவே காரணம்.

இன்று ஒருவருக்குச் சைக்கிளைப் பொருத்துபவர் முதலில் இருக்கையின் உயரத்தையும், அடுத்து அதன் முன்பின் நிலையையும், கடைசியாகக் கையின் எட்டத்தையும் தாழ்வையும் அமைக்கிறார். முதலாவதற்குக் குறுகிய வரம்புக்குள் அடங்கும் எண்கள் உண்டு. கையின் தாழ்வுக்கு அப்படி ஓர் எண் இல்லை. ஓட்டுபவரின் இடுப்பும் முதுகும் எவ்வளவு வளையும், எத்தனை மணி நேரம் அந்த நிலையில் தாங்கும், ஓடும் பந்தயத்தின் விதி எதை அனுமதிக்கும் என்பவற்றைப் பார்த்தே அது முடிவாகிறது.